மறைந்த கிட்டார் கலைஞரின் வெளிவராத ஒலிநாடாக்களை மீட்பது

அல்பம் போடும் அவசரத்தில் நாடாவை உடனே ஓடவிடாதீர்கள். 1970, 80களின் நாடாக்கள் பலவற்றில், இசை பதிந்திருக்கும் காந்தப் பூச்சை ஒட்டிவைத்திருக்கும் பசை, கொழும்பின் ஈரக்காற்றை உறிஞ்சி இளகியிருக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூச்சு பழுப்புக் களிம்பாக ஒட்டும். அந்தக் களிம்போடு இசையும் போய்விடும்.

சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அது அசிடேட் எனும் பிளாஸ்டிக்கால் ஆன நாடா. அதைச் சூடாக்கவே கூடாது. ஒளி புகாவிட்டால் பொலியெஸ்டர் நாடா. அது ஒட்டுகிறதென்றால், கால் அங்குல நாடாவை உணவு உலர்த்தியில் 54 பாகை செல்சியஸில் சுமார் 8 மணிநேரம் வையுங்கள். இடையில் புரட்டுங்கள். சமையலறை அவன் வேண்டாம், வெப்பம் ஏறி இறங்கும். சூடாக்கிய அளவு நேரம் ஆறவிடுங்கள்.

பலன் சில வாரங்களே. அதற்குள் டிஜிட்டலாக 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் பதிந்துவிடுங்கள். ஹெட் கோணத்தை நாடாவில் பதிந்துள்ள சோதனை ஒலிக்கேற்பத் திருத்தாவிட்டால் கிட்டாரின் கூர்மை மங்கும். பெட்டியின் கையெழுத்துக் குறிப்புகளையும் படமெடுங்கள். ஒரே பாடலைப் பலமுறை வாசித்துப் பதிந்ததில் கலைஞர் எந்த டேக்கை விரும்பினார் என்பதற்குப் பெரும்பாலும் அதுவே சாட்சி.