ஈபி சர்வீஸ் பைப்ல தண்ணி இறங்காம ஜாயின்ட் போடுறது எப்படி?

சர்வீஸ் பைப்னா கம்பத்துல இருந்து வர்ற வயர மீட்டர் பாக்ஸுக்குக் கொண்டு வர்ற பைப். போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி எங்க மீட்டர் பாக்ஸ்ல கிர்ர்னு சத்தம், காலைல லைன்மேன் வந்து கம்பத்துல லைனைக் கட் பண்ணிட்டு மூடியத் திறந்தா உள்ள ஒரு டம்ளர் தண்ணி நிக்குது. பைப் போட்டவர் பாக்ஸ் தலையில ஓட்டை போட்டு நேரா இறக்கிட்டுப் போயிருந்தாரு, அவ்ளோதான் காரணம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணாலும் கம்பத்துல இருந்து வர்ற வயர்ல கரன்ட் இருக்கும். கனெக்‌ஷன் குடுக்குறது ஈபி ஆளு வேலை, வயரிங் லைசென்ஸ் உள்ளவர் வேலை, நீங்க பைப் வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாத்தா போதும்.

மேல இருந்து ஆரம்பிங்க. பைப் தலை குடைக்கம்பு கைப்பிடி மாதிரி வளைஞ்சு வாய் தரையப் பாக்கணும், வாய்ல ஒரு புஷ் (விளிம்பு வயர உரசாம இருக்கப் போடுற வளையம்) போடுங்க, இல்லன்னா காத்துல வயர் ஆடி ஆடி தோலு உரிஞ்சிடும். வயர் உள்ள நுழையுறதுக்கு முன்னாடி வாய்க்குக் கீழ ஒரு தொங்கல் விட்டா வயர் மேல வழியுற மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும்.

அடுத்து ஜாயின்ட். பிவிசின்னா நேரா அறுத்து, பிசிற கத்தியால சுரண்டி, ஈரமில்லாம துடைச்சு, ரெண்டு பக்கமும் சால்வென்ட் (பிவிசி பசை) தடவி கால் திருகு திருகி சொருகி அரை நிமிஷம் புடிச்சுக்கங்க (சும்மா சொருகிட்டுப் போறவங்கதான் இங்க அதிகம்). ஜிஐன்னா (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) மரை முழுசா ஏறணும், வெளிய தெரியுற மரைக்கு பெயின்ட் அடிங்க, துரு அங்கதான் புடிக்கும். ஜிஐ பைப்ல பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்புக்குள்ள போகணும், தனித்தனியா விட்டா பைப்பு சூடாகும்.

பாக்ஸுக்கு மேல இருந்து நுழையவே கூடாது. பைப்ப பாக்ஸத் தாண்டி கீழ இறக்கி, யூ மாதிரி திருப்பி, அடிப்பக்கமா கிளாண்ட் (கேபிளச் சுத்தி ரப்பரோட இறுக்குற மூடி) வச்சு ஏத்துங்க. கிளாண்ட் ரப்பர் கேபிள இறுக்கிப் புடிக்கலன்னா சைஸ் தப்பு. யூவோட அடியில 5 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க, எவ்ளோ அடைச்சாலும் பைப்புக்குள்ள வேர்க்கும், அந்தத் தண்ணி எங்கயாவது போகணும்ல? சுவத்துல பைப் நுழையுற இடத்துல மேலயும் ரெண்டு சைடும் சிலிக்கான் வைங்க, அடியில மட்டும் விட்டுடுங்க.

யூ அடி ஓட்டைய வயர் இழுக்குறதுக்கு முன்னாடியே போட்டுருங்க. அப்பவே ஒரு வாளித் தண்ணி எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் மக்கால ஊத்திப் பாருங்க, யூ ஓட்டைல சொட்டுச்சுன்னா ஏதோ ஒரு ஜாயின்ட் சரியில்ல.