தாய்லாந்து ரிசார்ட்டில் இரவு விருந்து: பலரும் கோட்டை விடும் இடங்கள்

மெனு கைக்கு வந்ததும் 'உனக்கு இது, எனக்கு அது' என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மீதிச் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. தாய்லாந்துச் சாப்பாடு மேசைக்கணக்கில் அமைவது. நான்கு பேர் என்றால் 'கேங்' வகையில் ஒரு குழம்பு, 'தோம்' வகையில் ஒரு சூப், எலுமிச்சைச் சாறு தூக்கலாக இருக்கும் 'யம்' சாலட் ஒன்று, வாணலியில் வதக்கிய 'பத்' ஒன்று, ஆவியில் வெந்த முழு மீன் ஒன்று, நடுவில் வெறும் சோறு. இதுவே தாராளம். நான்கு பேரும் தனித்தனியாகப் பச்சைக் கறி (தேங்காய்ப்பாலில் செய்யும் பச்சை நிறக் குழம்பு) வாங்கினால் பாதிக் கிண்ணத்திலேயே தேங்காய்ப்பால் திகட்டிவிடும். அந்தத் திகட்டலை அறுக்க வேண்டிய புளிப்பு மேசையிலேயே இருக்காது. இருவர் மட்டும் போனால் மூன்று வகை போதும். அதில் ஒன்றாவது புளிப்பாக இருக்கட்டும்.

சரியாகத் தேர்ந்தெடுத்தும் கெட்டுப்போக இன்னொரு வழி உண்டு. வெளிநாட்டு விருந்தினர் என்றால் பல ரிசார்ட்டுகளில் ஐரோப்பிய முறைப்படி முதலில் சூப், அது முடிந்தபின் சாலட், கடைசியில் குழம்பு என்று வரிசையாகக் கொண்டுவருவார்கள். தோம் யம் சூப்பைச் சோறு இல்லாமல் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் குடித்தால் புளிப்பும் உறைப்பும்தான் மிஞ்சும். 'எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், சோற்றோடு' என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்தச் சூப்பில் கிடக்கும் எலுமிச்சைப் புல் தண்டு, அரத்தைத் துண்டு, மக்ரூட் எலுமிச்சை இலை எல்லாம் மணத்துக்குப் போட்டவை. மென்று பார்த்துவிட்டு 'சரியாக வேகவில்லை' என்று புகார் சொல்ல வேண்டாம். ஒதுக்கி வைத்தால் போதும்.

வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க். ஃபோர்க் உணவை ஸ்பூனுக்குத் தள்ளிவிட மட்டும். வாய்க்குப் போவது ஸ்பூன். பெரும்பாலானவை சிறு துண்டுகளாகவே வருவதால் கத்திக்கு வேலையில்லை. சாப்ஸ்டிக் கேட்பதும் தேவையற்றது, அது நூடுல்ஸ் சூப்புக்கு உரியது. பொதுக் கரண்டியால் ஒரு வகையில் ஓரிரு கரண்டி எடுத்து, அதைச் சோற்றோடு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் வழக்கம். ஐந்தையும் ஒரே தட்டில் கொட்டிப் பிசைந்தால் சமையல்காரர் தனித்தனியாக அமைத்த சுவையெல்லாம் ஒரே சுவையாகிவிடும். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசியைக் கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் மூடியைப் போடுங்கள், காற்றுப்பட்டால் இறுகிவிடும்.

காரத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் பல ரிசார்ட் சமையலறைகள் மிளகாயைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டிவிடுகின்றன. 'நமக்குக் காரம் பழக்கம்தானே' என்று நினைத்து 'உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவது மாதிரியே கொடுங்கள்' என்றால், வருவது உரலில் பச்சையாக இடித்த 'ப்ரிக் கீ நூ' என்ற ஊசிமிளகாய். எண்ணெயில் வதங்கிய வற்றலின் காரம் அல்ல அது. நாக்கில் பட்ட உடனே ஏறும். பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாமை ஆர்டருக்கு ஏற்ப அப்போதைக்கப்போது இடிப்பதால், 'இரண்டு மிளகாய்' என்று எண்ணிக்கையாகவே சொல்லலாம். குழம்பில் அது நடக்காது. விழுது முன்பே அரைத்து வைத்தது. பச்சைக் கறியிலோ, தென் தாய்லாந்தின் மஞ்சள் நிறக் கேங் சோமிலோ 'காரமே வேண்டாம்' என்று கேட்பது வீண். காரம் ஆகாதவர்களுக்குப் பட்டை, கிராம்பு, ஏலம் மணக்கும் மஸ்ஸமன் குழம்பு இருக்கிறது. வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பதால் பயனில்லை, மிளகாயின் காரப்பொருள் நீரில் கரைவதில்லை. வெறும் சோறு இரண்டு வாய், அல்லது தேங்காய்ப்பால் சேர்ந்த ஏதாவது கைகொடுக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. கறி விழுதில் பெரும்பாலும் 'கபி' என்ற இறால் விழுது அரைபட்டிருக்கும். சோம் தாமில் மீன் சாஸும் காய்ந்த இறாலும், வெறும் கீரை வதக்கலில்கூட ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ். 'ஜே' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்: அசைவம், முட்டை, பால் எதுவும் இல்லாத உணவைக் குறிக்கும், வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. முட்டை, பால் பரவாயில்லை என்பவர்கள் 'மங்சவிராட்' என்று கேட்கலாம். எப்படியானாலும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. விழுதைத் தனியாக இடிக்க நேரம் வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பத் தாய் (வதக்கிய நூடுல்ஸ்), மஸ்ஸமன், சோம் தாம் மூன்றையும் விசாரிக்காமல் தொட வேண்டாம்.

மியங் கம் என்ற முன்னுணவும் அந்த வேர்க்கடலைப் பட்டியலில்தான். வெற்றிலை இனத்தைச் சேர்ந்த இலையில் வறுத்த தேங்காய், வேர்க்கடலை, காய்ந்த இறால், இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, மிளகாய் ஆகியவற்றை வைத்து, மேலே பாகு ஊற்றி மடிப்பது. பாதியாகக் கடித்தால் எல்லாம் மடியில் கொட்டும். முழுதாக ஒரே வாயில் போட வேண்டும். எலுமிச்சைத் தோலின் கசப்பு உட்பட அத்தனையும் ஒன்றாகச் சேரும்போதுதான் அதன் சுவை. முன்னுணவில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ஸ்பிரிங் ரோல் எங்கும் கிடைக்கும்.

மேசை முன்பதிவில் திசையைப் பார்க்காமல் விடுவோர் நிறைய. புக்கெட்டின் கமலா, சுரின், கட்டா கடற்கரைகள் மேற்கு நோக்கியவை. சாமுய் தீவின் சவெங், லமாய் கிழக்கு நோக்கியவை. அங்கே 'சூரியன் மறைவதைப் பார்க்கும் மேசை' கேட்டால் ஊழியர் சிரிக்காமல் இருப்பது மரியாதைக்காக மட்டுமே. புக்கெட்டில் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க சுமார் மாலை 6 முதல் 6.50க்குள். வெப்பமண்டலத்தில் அந்தி வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், 7 மணிக்கு முன்பதிவு செய்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாமுய்யிலும் மழைக்காலம் என்பதால், மழை வந்தால் உள்ளே மாற்று மேசை உண்டா என்று கேட்டு வையுங்கள். ஈர நீச்சலுடை, ஆண்களுக்குக் கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு இவற்றோடு போனால் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

பில்லில் அதிர்ச்சி வருவது பெரும்பாலும் விலைக்குப் பின்னால் இருக்கும் '++' குறியால். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இரண்டாவது 7 சதவீத வாட் வரி. வரி, சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மீது விழும்: 1,000 பாட் சாப்பாடு 1,177 பாட் ஆகும். சர்வீஸ் சார்ஜ் இருக்கும்போது மேலும் டிப்ஸ் தருவது உங்கள் விருப்பம். மீன், சிங்கி இறால் விலை பல மெனுக்களில் 100 கிராமுக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும். 300 பாட் என்று நினைத்துக் கைகாட்டிய சிங்கி 1.2 கிலோ இருந்தால் 3,600 பாட், அதற்கு மேல் ++. எடை போட்டு மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே சமைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 31 இரவு பல ரிசார்ட்டுகளில் கட்டாய விருந்துக் கட்டணம் உண்டு, அறை முன்பதிவின் விதிமுறைகளில் அது எங்காவது ஒளிந்திருக்கும். கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டு நாணயமா, பாட்டா' என்று கேட்டால் பாட்டையே அழுத்துங்கள். மற்றதில் மாற்றுவிகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டமாகத்தான் இருக்கும்.