சார்காய்டோசிஸ் குடும்பத்தில் இருந்தால் செய்யக் கூடாத தவறுகள்

அக்காவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நெஞ்சின் நடுவே, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கிய நெறிகள் (நிணநீர்க் கணுக்கள்). மூன்று மாதமாக வறட்டு இருமல், மாலையானால் எழ முடியாத அசதி. டிபி என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டும் நெறிகள் கரையவில்லை. அப்புறம்தான் பயாப்ஸி எடுத்தார்கள், அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். சார்காய்டோசிஸ் என்று தெரிந்தது: உடலின் எதிர்ப்பு அணுக்களே ஒன்றுகூடி நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு முடிச்சுகளாகிவிடும் நோய்.

அப்பாவுக்கும் இளவயதில் இதே நோய் வந்து தானாக அடங்கியிருந்தது. வீட்டில் அதை 'நெஞ்சுக் கட்டி' என்றே சொல்லிப் பழகியதால், டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முதல் தவறு அதுதான். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு என்று சுவீடனில் செய்த ஆய்வு சொல்கிறது. டாக்டருக்கு இது பெரிய துப்பு.

அதற்காக 'பரம்பரை நோய், பிள்ளைகளுக்கும் வந்தே தீரும்' என்று பயப்படுவதும் தவறு. இது அரிதான நோய். அரிதான ஒன்று 4 மடங்கானாலும் அரிதுதான். மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும் இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. பிள்ளைகளுக்குப் போவது நோய் இல்லை, நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகு. ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ மரபணுக்கள்தான், உள்ளே வந்த அந்நியப் பொருளின் துணுக்கை வெள்ளை அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்களை உருவாக்குகின்றன. சிலருடைய புரதம் காட்டுகிற விதத்தில் அணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்து, ஒன்றுகூடிச் சிறு முடிச்சுகளாகிவிடுகின்றன. கிளப்பிவிடும் பொருள் வெளியிலிருந்தும் வர வேண்டும். 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரப் புழுதியைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களிடம் இந்நோய் கூடியது.

ஆகவே காசு கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுக்காதீர்கள். ஒரே ஒரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை, வருமா வராதா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

நம் ஊரில் டிபி அதிகம். அதனால் டாக்டர் முதலில் அதை நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு கட்டினால் இரண்டு பக்கமும் ஆபத்து: சார்காய்டோசிஸுக்கு டிபி மாத்திரை பலன் தராது, டிபியைச் சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். டிபி முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டி மாதிரி நைந்திருக்கும், சார்காய்டோசிஸில் பொதுவாக அப்படி இருக்காது. சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு டிபி கிருமிக்கும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இந்நோயில் பலருக்குக் கூடும் 'ஏஸ்' என்ற நொதியின் அளவை ரத்தத்தில் பார்த்து நிம்மதியடைவதும், பதறுவதும் வேண்டாம். அந்த அளவே ஆளுக்கு ஆள் மரபணுவால் மாறும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அதைக் குறைக்கும்.

நான் மிகவும் வருந்துவது கால்சியம் விஷயத்தில். அசதி என்றதும் அக்காவுக்கு வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தவன் நான். இந்த முடிச்சுகள் தாமே வைட்டமின் டியை உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றக்கூடியவை. அதற்கு மேல் நாமும் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் கல் விழலாம். அக்காவுக்குத் தாகமும் மலச்சிக்கலும் வந்தபோதுதான் விழித்தோம். கால்சியம் அளவைப் பார்க்காமல் இவற்றைத் தொடாதீர்கள்.

ஸ்டீராய்டை, இருமல் நின்றது என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது; டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டே தேவைப்படாதவர்களும் உண்டு. காலில் சிவந்து வலிக்கும் கட்டிகள், மூட்டுவலி, காய்ச்சல் என்று திடீரெனத் தொடங்குகிற வகையில், எச்.எல்.ஏ-டிஆர்பி1*03 என்ற மரபணு வகை உள்ள பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது.

நுரையீரலை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கண்ணின் உள்ளே அழற்சி வலியே இல்லாமலும் வரும், இதயத் துடிப்பும் தடம் மாறலாம். போன வருடம் அக்கா மகளுக்குக் கண் சிவந்து பார்வை மங்கியது. கண் டாக்டரிடம் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது, "எங்கம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சார்காய்டோசிஸ்." டாக்டர் சொட்டு மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு, நெஞ்சு எக்ஸ்ரேவுக்கும் சேர்த்து எழுதினார்.