கடல் பிடிக்கும் என்பவர்கள் செய்யும் தவறுகள்

என் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டியபோது "கடல் பரந்து விரிந்து கிடந்தது" என்ற வரி மூன்று பக்கங்களில் இருந்தது. மூன்றும் வேறு வேறு மாதம். அன்றைக்குக் காற்று அடித்ததா, அலை எந்தப் பக்கம் சாய்ந்து வந்தது, தண்ணீர் கலங்கலா தெளிவா, ஒன்றும் இல்லை. அந்த வரியை வீட்டில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம், கடற்கரை வரை போன செலவாவது மிஞ்சியிருக்கும்.

கடல்மேல் ஆசைப்பட்டு எழுதவோ வரையவோ படமெடுக்கவோ வருகிறவர்கள் முதலில் விழுகிற குழி இது. கடலைப் பார்க்கப் போகிறோம், மனதில் ஏற்கெனவே இருக்கும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். எழுதுகிறவருக்கு அது ஆழ்கடல் மௌனம், வரைகிறவருக்கு நீல டியூப், கேமரா வைத்திருப்பவருக்கு அஸ்தமனம். நெய்தல் பாட்டுகளைப் பாருங்கள். பிரிவைச் சொல்ல வந்தவர்கள்கூட நண்டு வளைக்குள் ஓடுவதையும், உப்பு வண்டி போவதையும், மணலில் மீன் காய்வதையும் சொல்லிவிட்டுத்தான் அழுகிறார்கள்.

நிறத்திலிருந்து தொடங்கலாம், ஏமாறுவது அங்கேதான் அதிகம். ஒரு கெட்டி அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியாகத் தண்ணீரின் ஒரு துண்டை மட்டும் பாருங்கள். 'கடல்' என்ற பெயர் மறைந்து நிறம் மட்டும் நிற்கும். கரையை ஒட்டி உடையும் அலை மணலோடு சேர்ந்து பழுப்பாக இருக்கும். வெள்ளை என்று நாம் சத்தியம் செய்யும் நுரை, அலையின் நிழல் பக்கத்தில் சாம்பலாக இருக்கும். உடையப் போகும் நொடியில் அலையின் மெல்லிய மேல்விளிம்புக்குள் வெளிச்சம் நுழைந்து, பாட்டில் கண்ணாடி மாதிரி பச்சை தெரியும். நான் அட்டையைப் பிடித்துப் பார்த்த முதல் அரைமணி நேரத்தில் நீலம் என்று சொல்லக்கூடியது தூரத்தில் ஒரு கோடுதான் கிடைத்தது.

தண்ணீருக்குள் போய்ப் படமெடுப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு விதமாக வரும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. 5 முதல் 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். செக்கச்செவேல் என்று இருக்கும் மீன் படத்தில் சாம்பலாக வந்தால் கேமராவைத் திட்டிப் பயனில்லை. விளக்கு எடுத்துப் போக வேண்டும், கிட்டப் போக வேண்டும். விளக்கு வெளிச்சமும் தண்ணீரைக் கடந்துதானே போய்த் திரும்ப வேண்டும்? அதனால் தூரத்திலிருந்து ஜூம் செய்தால் நிறம் திரும்பாது.

இன்னொரு தவறு, கடிகாரம் பார்த்துக் கடலுக்குப் போவது. "தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே பாறைக்குட்டையை வரைவேன்" என்று நானும் சங்கல்பம் எடுத்தேன். மூன்றாம் நாள் குட்டையில் பாதியைக் காணோம். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் நிலைமை கிட்டத்தட்ட நேர் எதிர். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். போனதும் பையைத் திறக்காமல் கால்மணி நேரம் சும்மா நின்று, பெரிய அலை எதுவரை வருகிறது என்று பாருங்கள். பாறையில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே கடலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது.

சரி, கடலோரத்தில் குடியிருந்தால்தானே இதெல்லாம்? இப்படிக் கேட்டே பல பேர் தொடங்காமல் இருக்கிறார்கள். கடல் ஓவியத்துக்கென்றே வாழ்ந்த இவான் ஐவசோவ்ஸ்கி சுமார் 6000 படங்கள் வரைந்தார். அவர் கருங்கடல் ஓரத்துக்காரர்தான். ஆனால் அலைகளைப் பெரும்பாலும் தன் கூடத்துக்குள் நின்று நினைவிலிருந்து தீட்டினார். ஓடுகிற அலையைத் தூரிகை துரத்திப் பிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. வருஷத்துக்கு நாலு நாள் கடலைப் பார்த்தாலும், அன்றைக்குக் கூர்ந்து பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் மிச்ச நாளுக்கு வேலை கொடுக்கும்.

வேலையை உதறிவிட்டு முழுநேரமாகக் கடலே கதி என்று இறங்குவது அடுத்தது. இதை வீரம் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. கடலைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற ரேச்சல் கார்சன் அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் 1936 முதல் சம்பளத்துக்கு உழைத்தவர். தாயைக் காப்பாற்றும் பொறுப்பு அவருக்கு இருந்தது. புத்தகம் நன்றாக விற்ற பிறகுதான் 1952இல் வேலையை விட்டார். அந்த அலுவலகமே அவருக்குக் கடல் ஆராய்ச்சி அறிக்கைகளைக் கையில் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உப்பை அலட்சியம் செய்வது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பணம் கேட்கும். லென்ஸில் தெறித்த கடல்நீர் காய்ந்த பிறகு சட்டை நுனியால் துடைத்தால் உப்புப் படிகம் கோடு போட்டுவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி உப்பைக் கரைத்த பிறகுதான் துடைக்க வேண்டும். கேமரா முக்காலியின் கால்களை முழுக்க நீட்டி அலசாவிட்டால், என்னுடையதுபோல் ஒரு கால் மட்டும் உள்ளே போகாமல் நின்றுவிடும்.

அப்புறம், சங்கு சிப்பி பொறுக்குவது. கைவினை செய்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. காலி ஓடு என்று நாம் நினைப்பது துறவி நண்டுக்கு அடுத்த வீடு. உடம்பு வளர வளர அது பெரிய ஓடாகப் பார்த்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கல் பவளமும் ராட்சதச் சிப்பியும் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டின் கீழ் வருபவை. தெரியாமல் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் இப்போது ஓட்டைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, உள்பக்க வரிகளை வரைந்துகொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். போன தடவை வைத்த ஒன்று, நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்தது.