படகுப் பதிவை அழிக்கும்போது ஃபார்ம் அடம்பிடித்தால்

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுப் பட்டியலை லாராவெலில் (பிஎச்பியில் வலைச்செயலி எழுத உதவும் கட்டமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு: 'டெலிட்' அழுத்திப் பிழை வந்தால் உடனே நிரலைக் கிண்டாதீர்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் என்ன எண் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

419 என்றால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் உங்கள் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) இல்லை, அல்லது காலாவதி. செஷன், அதாவது சர்வர் உங்களை நினைவில் வைத்திருப்பது, இயல்பாக 120 நிமிடம்தான். காலை ஏலத்தின்போது திறந்த பக்கத்தில் மதியம் அழுத்தினால் இப்படித்தான். ரீலோட் செய்தும் வந்தால், ஃபார்முக்குள் @சிஎஸ்ஆர்எஃப் வரி விடுபட்டிருக்கும்.

405 வந்தால், ஃபார்ம் அனுப்பிய மெத்தடை (கோரிக்கை வகையை) அந்த முகவரி ஏற்கவில்லை. ஃபார்மின் மெத்தடைப் போஸ்ட் ஆக்கி, உள்ளே @மெத்தட் வரியில் டெலிட் கொடுங்கள்.

ஆபத்தானது பிழையே காட்டாத வகை. திருத்தும் ஃபார்முக்குள் அழிக்கும் ஃபார்மைச் செருகினால், பிரவுசர் உள் ஃபார்மின் தொடக்க டேகைக் கண்டுகொள்ளாது. திருத்த ஒன்று, அழிக்க ஒன்று என மறைந்திருக்கும் இரண்டு மெத்தட் புலங்களும் ஒன்றாகப் போகும். பிஎச்பி கடைசியாக வந்ததை, அதாவது டெலிட்டை, எடுக்கும். இரண்டுக்கும் முகவரி ஒன்றே என்பதால், எஞ்சின் குதிரைத்திறனைத் திருத்தி 'சேமி' அழுத்தியவரின் படகே பட்டியலில் காணாமல் போகும்! அழிக்கும் ஃபார்மை வெளியே வைத்து ஐடி கொடுங்கள். அழிக்கும் பொத்தானின் ஃபார்ம் அட்ரிபியூட்டில் அந்த ஐடியையே எழுதினால் பொத்தானை நகர்த்த வேண்டாம்.

500 வந்து, லாகில் (பிழைப் பதிவேட்டில்) மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 1451 பிழை இருந்தால், அந்தப் படகின் பெயரில் டீசல் மானியப் பதிவு ஏதோ தொங்குகிறது. காஸ்கேட் (சார்ந்த பதிவுகளையும் சேர்த்து அழிப்பது) போட்டால் பழைய கணக்கும் சேர்ந்தே போய்விடும். சாஃப்ட் டெலிட் (அழிக்காமல், அழிக்கப்பட்டதாகக் குறித்து மறைப்பது) போடுங்கள்.