கீபோர்டில் 12 பார் ப்ளூஸ்: 3 கார்டு, 48 பீட்

கீபோர்டு வாங்கியதும் எல்லாரும் செய்கிற வேலை, பிடித்த சினிமாப் பாட்டின் பல்லவியை ஒற்றை விரலால் தட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு மாதம் அப்படியே போனது. அப்புறம் ஒரு நண்பர் 12 பார் ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு கார்டு வரிசை, சொல்லிக்கொடுத்தார், அன்று சாயங்காலமே இரண்டு கையாலும் ஏதோ வாசிக்கத் தெரிந்தவன் மாதிரி வாசித்துவிட்டேன். அதனால் ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் எழுதுகிற இசைக்குறிப்பை, கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், இதில் தொடங்குங்கள் என்பது என் கட்சி.

முதல் வேலை, 3 கார்டு. கார்டு என்றால் ஒன்றாக அழுத்துகிற சில சுரங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு இருக்கிற கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டைதான் சி. அங்கிருந்து வலப்பக்கம் வெள்ளைக் கட்டைகள் டி, ஈ, எஃப், ஜி என்று போகும். வலது கையால் சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அது சி கார்டு. இப்போது சி விரலை அங்கேயே விட்டு, மற்ற இரண்டையும் ஒரு வெள்ளைக் கட்டை வலப்பக்கம் நகர்த்தினால் எஃப் கார்டு. திரும்ப சி-க்கு வந்து, இந்தத் தடவை ஜி விரலை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் ஒரு வெள்ளைக் கட்டை இடப்பக்கம் நகர்த்தினால் ஜி கார்டு. கை தாவவே வேண்டாம். இடது கைக்கு ஒரே விரல் போதும், கார்டின் பெயர் எதுவோ அந்தக் கட்டை.

அடுத்து வரிசை. பார் என்றால் தாளத்தின் ஒரு கட்டம், பாருக்கு 4 பீட் (தட்டு). சி 4 பார், எஃப் 2, சி 2, பிறகு ஜி 1, எஃப் 1, சி 2. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 பீட் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 36 விநாடி. எண்ணும்போது ‘1 2 3 4, 2 2 3 4, 3 2 3 4’ என்று முதல் பீட்டில் பாரின் எண்ணைச் சொல்லிக்கொண்டே போங்கள். எட்டாவது பாரில் நிச்சயம் தொலைந்துபோவீர்கள்.

தொலையாமல் இருக்க, இந்த வரிசை எந்த மாதிரிப் பாட்டைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வதே வழி. அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பி டெல்டா மாதிரி இடங்களில் கறுப்பின மக்கள் பாடிய ப்ளூஸில் ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். வரிக்கு 4 பார். அதிலும் பாட்டு பாதியிலேயே முடிந்துவிடும், மிச்சத்தில் கிடார் பதில் சொல்லும். நீங்களே பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள்:

ராத்திரி முழுக்க மழை, கூரை ஒழுகுது
ராத்திரி முழுக்க மழை, கூரை ஒழுகுது
வாளி ஒண்ணுதான் இருக்கு, நான் எங்கே படுக்க

இரண்டாவது வரியில் வார்த்தை மாறவில்லை, கீழே கார்டு மட்டும் எஃப் ஆகிவிட்டது. அதே புலம்பல் கொஞ்சம் கனத்துக் கேட்கும். பதில் வரிக்குத்தான் ஜி.

இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கிடார் கம்பியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஹேண்டிதான் 1912-இல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ வெளியிட்டவர். 1920-இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு அமோகமாக விற்ற பிறகே கம்பெனிகள் ப்ளூஸ் பாடகர்களைத் தேடி ஓடின. 12 பார் சட்டமும் இல்லை. ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹுக்கர் ஒரே கார்டில் முழுப் பாட்டையும் ஓட்டிவிடுவார்.

சரி, இப்போது மசாலா. சி கார்டோடு பி ஃப்ளாட்டையும் சேருங்கள், அதாவது மூன்று கறுப்புக் கூட்டத்தில் கடைசிக் கட்டை. இது சி செவன்த். எஃப்-க்கு ஈ ஃப்ளாட் (ஈ-க்கு இடப்பக்கம் ஒட்டிய கறுப்புக் கட்டை), ஜி-க்கு எஃப். ஐரோப்பிய சாஸ்திரிய இசையில் செவன்த் கார்டு வந்தால் அடுத்து வீடு, அதாவது பாட்டின் மூலக் கார்டு, திரும்பியாக வேண்டும், ஜி செவன்த் வந்தால் காது சி-யை எதிர்பார்க்கும். ப்ளூஸிலோ வீடே செவன்த் கார்டுதான், அந்தத் தவிப்போடேயே உட்கார்ந்திருக்கும்.

தாளத்தை நேராகத் தட்டாதீர்கள். ஒவ்வொரு பீட்டையும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் அழுத்துங்கள், ‘கி’ சும்மா போகட்டும். இதுதான் ஷஃபிள்.

கடைசியாக அந்த அழுகை. ஈ-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவில் ப்ளூஸ் பாடகர்கள் தொடுகிற சுரத்துக்குக் கீபோர்டில் கட்டை கிடையாது. கிடார்காரர் கம்பியை இழுத்து அங்கே போய்விடுவார். நாம் விரலைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வழுக்கி ஏமாற்ற வேண்டியதுதான், கமகத்தைக் கீபோர்டில் கொண்டுவர முயன்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

சுற்றைத் தொடர வேண்டுமென்றால் பன்னிரண்டாவது பாரில் சி-க்குப் பதில் ஜி வாசியுங்கள், அது திரும்ப முதல் பாருக்குத் தள்ளிவிடும். நிறுத்த வேண்டுமா, சி செவன்தையே அழுத்தி, சத்தம் அடங்கும்வரை கையை எடுக்காதீர்கள்.