குளத்தங்கரைக்குக் கழிவுநீர் நிலையம் வரும்போது: எதிர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தின் பாதாளச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்துக் குளத்தையோ மேய்ச்சல் நிலத்தையோ ஒட்டி அமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி, நெல்லைச் சீமையின் கிராமங்களுக்கு ஏறத்தாழ ஒரே விதத்தில்தான் வந்து சேர்கிறது. முக்காலியில் கருவி வைத்து இரண்டு பேர் உடைமரக் காட்டுக்குள் அளந்துகொண்டிருப்பதை ஆடு மேய்க்கும் ஒருவர் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சொல்வார். அன்று மாலையே ஊர்க்கூட்டம் நடக்கும், மறுநாள் மறியல் நடக்கும். இந்த வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த நிலம், யாருடைய பொறுப்பில் உள்ளது, எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை அறியாமல் எடுக்கும் முதல் அடிகள் பின்னால் வழக்கையே பாழாக்கிவிடுகின்றன.

எங்கள் ஊர் செய்ததையே சொல்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மூன்று பக்க மனு ஒன்றைக் கொடுத்தோம். அதில் நாற்றம், கொசு, பிள்ளைகளின் உடல்நலம், அம்மன் கோயில் கொடை என எல்லாம் இருந்தன. நிலத்தைக் குறிக்கும் புல எண் (சர்வே எண்) மட்டும் இல்லை. சில வாரங்கள் கழித்து வந்த பதிலில், மனுவில் கண்ட குளத்தில் அத்தகைய திட்டம் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அது பொய்யும் அல்ல. தலைமுறைகளாக நாங்கள் ஒரு பெயரால் அழைக்கும் குளத்துக்கு வருவாய்ப் பதிவில் வேறு பெயர். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் வகையையும் பரப்பையும் புல எண்வாரியாகக் காட்டும் வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் குறிக்கப்பட்ட இடத்தில் ஒரு பகுதி குளத்தின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் உட்பகுதி என்பதும், மீதி மேய்க்கால் புறம்போக்கு என்பதும் தெரிந்தன. ஆகவே பேனர் அடிப்பதற்கு முன்னால் ‘அ’ பதிவேட்டின் நகலும் புலப்படமும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. ‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதும், சட்டம் தானாக வந்து காக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதுகாப்பு பல பெயர்களில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் தனிச் சட்டமும் தனி அலுவலகமும் உண்டு. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். சுத்திகரிக்காத கழிவை அங்கே விடுவதை அவை தடுக்கின்றன. ஆனால் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்துள்ளன. நம் பக்கத்துக் குளங்களில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் இரை தேடி உங்கள் குளத்துக்கு நாள்தோறும் வரலாம். அதனால் மட்டும் உங்கள் குளம் அந்த விதிகளுக்குள் வந்துவிடாது. மனுவை ஈரநில விதிகளின் மேல் மட்டும் கட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

அப்படியானால் எதைப் பற்றிக்கொள்வது என்பதற்கு, குளம் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட குளங்கள் பொதுவாகப் பொதுப்பணித் துறையிடமும், இப்போது நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறைக் குளங்களுக்காக இயற்றப்பட்டது. ஒன்றியக் குளத்துக்கு அதை மேற்கோள் காட்டினால் மனு வலுவிழக்கும். நீர்நிலைகளைக் காப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், ஊர்ப் பொதுநிலங்கள் பற்றி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கிலும் வழங்கிய தீர்ப்புகள் பெரிதும் துணைசெய்யும். இருந்தாலும் 2011 தீர்ப்பின் மையம் ஆக்கிரமிப்பை அகற்றுவது. அரசே பொதுப் பயன்பாட்டுக்கு நிலத்தை மாற்றும்போது அது அப்படியே பொருந்தும் என்று எண்ணக் கூடாது. பறவைகளைப் பற்றிப் பேசுவதானால் கைபேசிப் படங்கள் போதா. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெற்றுவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் குளமோ பக்கத்துக் குளமோ இருந்தால், அந்தப் பதிவைத் தேடிப் பெறுவது பயனுள்ளது.

‘கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பது மூன்றாவது தவறு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர் நிலையங்கள் உள்ளன. நகரச் சாக்கடை நீரை மட்டும் சுத்திகரிக்கும் நிலையம் அதில் இல்லை. ஆகவே அந்த அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பு நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. நிலையத்துக்கு வேண்டியது 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் 25-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை. அந்த ஆணையால் பாதிக்கப்பட்டவர் 28-ஆம் பிரிவின்கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் செல்வதானால், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் உண்டு. ‘முதலில்’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மறியலிலும் பேச்சுவார்த்தையிலும் ஏழெட்டு மாதம் போக்கிவிட்டுச் சென்னையில் உள்ள தீர்ப்பாய அமர்வுக்குப் போகும் ஊர்கள் அந்தச் சொல்லில்தான் இடறுகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இசைவாணையின் நகலைக் கேட்டால் பதில் வரவே 30 நாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு நாள் கூடும் கிராம சபையில் தீர்மானம் போடுவது நல்லதுதான்; ‘வன்மையாக எதிர்க்கிறோம்’ என்பதோடு நிறுத்தாமல் புல எண்ணையும் காரணத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

நாற்றத்தை மட்டுமே பேசுவது அடுத்த தவறு. நவீன முறையில் கட்டினால் நாற்றம் இராது என்று பொறியாளர் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நீரைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கி, அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது திட்ட வரைவுகளில் வழக்கமான கணக்கு. அதன்படி ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் வரும். சுத்திகரித்த பின் அது எந்த ஓடையில் விழும், எந்தக் குளத்தில் சேரும், பிசான நெல் சாகுபடி முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அது மட்டும் தேங்கினால் என்ன ஆகும் என்பவை விடை சொல்லியாக வேண்டிய கேள்விகள். நம் குளங்கள் சங்கிலித்தொடர். ஒன்று நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்ததற்கு வரத்து. எனவே கீழ்க்குளத்து ஊர்களையும் மனுவில் சேர்க்காமல் விடுவது தவறு. வெள்ளத்தையும் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு எங்கள் மடையின் கருங்கல்லில் இன்னும் சேற்றுக்கறை இருக்கிறது. நிலையத்துக்குக் குறித்த உள்வாய் அந்தக் கறைக்கு ஓர் ஆள் உயரம் கீழே. நாற்றத்தைப் பேசியே தீர வேண்டுமென்றால் ஆடி மாதத்து மேல்காற்றைச் சொல்லிப் பேசுங்கள். காற்றே இல்லாத தை மாதக் காலையில் வந்து பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

கடைசியாக, எதற்காக மாற்றுகிறார்கள் என்று கேட்காமல் விடுவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கழிவுநீர் நிலையத்தை ஹனி ஹில் என்ற, நகரைச் சுற்றிக் கட்டடம் எழாமல் காக்கும் பசுமை வளைய நிலத்துக்கு மாற்றத் திட்டமிட்டபோது, பழைய நிலையம் நின்ற இடத்தில் வீடுகள் கட்டுவதே நோக்கமாக இருந்தது. எதிர்த்தவர்கள் அந்தத் தேவையைத்தான் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2025 ஏப்ரலில் அரசு ஒப்புதல் கிடைத்தும், சில மாதங்களில் அரசு நிதி இல்லை என்றாகித் திட்டம் நின்றது. நம்மிடம் நிலைமை வேறு. சுத்திகரிக்காத சாக்கடை தாமிரபரணியில் கலந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை மக்கள் அதே ஆற்றை நம்பியிருக்க, நிலையமே வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பழைய வளாகத்திலேயே குறைந்த இடம் பிடிக்கும் முறைக்கு மாற முடியுமா, வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தார்கள், ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். மாற்று இடத்தை நாமே சுட்டிக்காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர், “காலனிக்குக் கீழ்ப்பக்கம் இடம் சும்மாதான கெடக்கு” என்றார். காலனியிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த நான்கு பேரும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களை மறுபடி கூட்டத்துக்கு அழைத்து வர இரண்டு மாதம் ஆனது. காலக்கெடு ஓடிக்கொண்டிருந்த இரண்டு மாதம் அது.

இரண்டாவது மனு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. புல எண்கள், ‘அ’ பதிவேட்டு நகல், மறுகால் செல்லும் வழியின் வரைபடம், மடைக்கல்லின் கறையை அளவுகோல் வைத்து எடுத்த படம், கீழ்க்குளத்து ஊர்கள் இரண்டின் கையெழுத்து ஆகியவற்றை இணைத்தோம். ஒப்புகைச் சீட்டின் எண்ணும் தேதியும் ஊர்க் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன; அவற்றுக்குக் கீழே 30-ஆம் நாள் எது, 6 மாதம் முடியும் நாள் எது என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறோம்.